கூலியாளின் உடையில் வந்த குரு: புனித யோசேப் வாஸ்



சனவரி 16 பொங்கல் விடுமுறை நாட்களுக்குள் வந்துவிடுகிறது. வீடு நிறைய உறவினர். பிள்ளைகளுக்குக் கடற்கரைக்குப் போகவேண்டும் என்ற அவசரம். அன்று காலைத் திருப்பலிக்கு வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாளில்தான் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் திருநாள் வருகிறது. கோவாவில் பிறந்து, இலங்கையில் 24 ஆண்டுகள் உழைத்து, அங்கேயே உயிர்விட்ட குரு அவர். இலங்கையின் திருத்தூதர் என்று அந்நாட்டுத் திருஅவை அவரைக் கொண்டாடுகிறது. நம் பங்குகளில் அவருக்குச் சுரூபம் இருப்பது அரிது. அவரைப் பற்றிக் கேட்டால், எந்த ஊர் புனிதர் என்று திருப்பிக் கேட்பவர்களே அதிகம்.

ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இவர் கதை எளிதில் விளங்கும். கொழும்புக்குப் போகும் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் நம் சாலைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரில் பலர் நம்மோடு திருப்பலியில் முழந்தாளிடுகிறவர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இந்தக் குரு இலங்கையில் கால் வைத்தது ஒரு கூலியாளாக. மூட்டை சுமந்தவர்களும் படகு வலித்தவர்களும் உருவாக்கிய பகுதி இது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த படகுக்காரர்கள்தான் ராயபுரம் தூய பேதுரு ஆலயத்தை எழுப்பினார்கள். அந்த மக்களுக்குக் கூலியாளின் உடை அவமானச் சின்னமாகத் தெரியாது.

யோசேப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவில், தாயின் ஊரான பெனவுலிமில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. தந்தை கிறிஸ்டோவாவோ வாஸ், தாய் மரியா தெ மிராந்தா. பிராமண மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய, ஊரில் மதிப்புள்ள குடும்பம். பழைய கோவாவில் இயேசு சபையினரிடமும் தொமினிக்கன் சபையினரிடமும் பயின்று, 1676இல் குருவானார். கோவா அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. நல்ல குடும்பம், நல்ல கல்வி, மறையுரையில் பெயர். மேலே போவதற்கு வேண்டிய எல்லாம் அவர் கையில் இருந்தன. அவரோ காலணி இல்லாமல் நடக்கத் தொடங்கினார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும்போது தமக்கு எதற்குச் செருப்பு என்பது அவருடைய எண்ணம். மறு ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5 அன்று, சங்கோலே ஆலயத்தில் அன்னை மரியாவின் அடிமையாகத் தம்மை ஒப்புக்கொடுத்து ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையெழுத்திட்டார். இன்று நாம் எளிதாகப் பக்திச்சொல்லாகப் பயன்படுத்தும் வார்த்தை அது. அன்றைய கோவாவில் அடிமைகள் சந்தையில் விற்கப்பட்டார்கள். அடிமை என்றால் என்ன என்று எழுதியவருக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும்.

அவர் மனம் முழுவதும் இலங்கையில் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கால்வினியக் கொள்கையைப் பின்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். ஆலயங்களைத் தங்கள் வழிபாட்டிற்கு எடுத்துக்கொண்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த மக்களுக்குத் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, நோயில்பூசுதல் இல்லை. ஒரு தலைமுறையே நற்கருணையைக் கண்ணால் காணாமல் வளர்ந்தது. கொரோனா காலத்தில், 2020இல், சில மாதங்கள் ஆலயக் கதவுகள் மூடியிருந்தபோது நாம் எப்படித் தவித்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் ஓரளவு புரியும்.

அவர் விரும்பியவுடன் அனுப்பப்படவில்லை. 1681இல் கன்னட நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். மங்களூர்ப் பக்கத்தில் அப்போது, யாருடைய அதிகாரம் செல்லும் என்று போர்த்துக்கல் அரசின் ஞான அதிகாரத்திற்கும் உரோமைத் திருச்சபைத் தலைமைக்கும் இடையே பெரிய சண்டை. குருக்களே இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். அந்த வழக்கின் விவரங்கள் இங்கே வேண்டாம். படித்தால் இன்றும் தலை வலிக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட யோசேப் வாஸ் சண்டையை வளர்க்காமல், பள்ளிகள் தொடங்கி, ஊர் ஊராக நடந்து மக்களைச் சந்தித்தார். 1684இல் கோவா திரும்பினார்.

அங்கே சில குருக்கள் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு இணைந்தார். அந்தக் குழுவே புனித பிலிப் நேரியின் ஓரத்தோரிய சபையாக உருவெடுத்தது. 1685இல் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியக் குருக்களே தொடங்கி, இந்தியக் குருக்களே நடத்திய துறவற அமைப்பு அது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு கசப்பையும் மறைக்கக்கூடாது. அக்காலக் கோவாவில் துறவற வாழ்வும் சாதியின் பிடியிலிருந்து விடுபடவில்லை. அந்த ஓரத்தோரியத்தில் இருந்தவர்கள் பிராமணக் குடும்பங்களிலிருந்து வந்த குருக்களே. கல்லறைக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு உள்ள தமிழகத் திருஅவை இதைக் கேட்டு முகம் சுளிக்கத் தகுதியற்றது. அந்தச் சூழலில் வளர்ந்தவர் அடுத்து எடுத்த முடிவைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

தலைவர் பதவி கிடைத்த மறு ஆண்டே, 1686இல், அதை விட்டுவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். கூடவே யோவான் என்ற இளைஞர். குன்பி என்னும் உழவர் குடியைச் சேர்ந்தவர், வீட்டு வேலைக்காரர். கோவாவிலிருந்து கன்னட நாடு, கொல்லம் வழியாகத் தூத்துக்குடி வந்தார்கள். அதுவும் டச்சுக்காரர் வசம் இருந்த துறைமுகம்தான். ஐரோப்பியக் குரு என்றால் முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். இந்தியக் குரு என்றாலும் அங்கியும் செருப்பும் காட்டிக்கொடுக்கும். யோசேப் வாஸ் அங்கியைக் கழற்றினார். இடுப்பில் ஒரு துணி. திருப்பலிப் பொருட்கள் மூட்டைக்குள். பிழைப்புத் தேடிப் போகும் கூலியாளாக, 1687இல், தம் 36ஆம் வயதில் படகேறினார். வழியில் புயல். மன்னாரில் ஒதுங்கி, பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். இருவருக்கும் கடும் வயிற்றுக்கடுப்பு. பிறர் இரக்கப்பட்டுக் கொடுத்த கஞ்சியில் உயிர் பிழைத்தார்கள்.

குருப்பட்டம் பெற்றவரும் வேலைக்காரரும் ஒரே தரையில் படுத்து, ஒரே கலயத்துக் கஞ்சியைக் குடித்தார்கள். யார் எசமான் யார் வேலையாள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது. தெரியக்கூடாது என்பதுதான் திட்டம். வேடம் என்று தொடங்கியது அங்கேயே உண்மையாகிவிட்டது.

கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் ஒரு பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். சிலர் விரட்டினார்கள். சிலர் கேலி செய்தார்கள். ஒரு வீட்டில் மாலையைக் கண்டவர்கள் கண்ணில் வேறு ஒளி தெரிந்தது. மெல்லப் பேச்சுக் கொடுத்து, நம்பிக்கை வந்தபின், தாம் குரு என்று சொன்னார். முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த வீடு அது. செய்தி காதோடு காதாகப் பரவியது. யாழ்ப்பாணத்தின் சில்லாலை அவருடைய முதல் பணித்தளமாயிற்று. பகலில் பிச்சைக்காரர், இரவில் குரு. இருட்டில் ஒரு வீட்டில் கூடுவார்கள். திருமுழுக்கு, ஒப்புரவு, திருமணம் எல்லாம் விடியுமுன் முடியவேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். யோசேப் வாஸ் போய்ச் சேர்ந்தபோது அங்கே விசுவாசம் செத்துப்போயிருக்கவில்லை. குருக்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் வீட்டில் செபமாலை சொல்லிக் காத்தவர்கள் பெற்றோர்களும் பாட்டிகளும். அவர்களை நம்பித்தான் அவர் தம் பணியைக் கட்டினார். ஓர் ஊரில் அவர் ஓரிரு நாள்தான் தங்க முடியும். மீண்டும் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஊருக்கு ஊர் பொதுநிலையினரைப் பொறுப்பில் வைத்தார். செபம் நடத்தவும் மறைக்கல்வி சொல்லவும் அண்ணாவி, ஆலயக் காரியங்களைக் கவனிக்க மூப்பர். இந்த ஏற்பாடு இலங்கைத் திருஅவையில் பல தலைமுறைகளுக்கு நிலைத்தது. பொதுநிலையினரின் பங்கேற்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நாம் கருத்தரங்கு நடத்திப் பேசுவதை, கூலியுடையில் இருந்த ஒரு குரு அன்றே வேறு வழியில்லாமலும் மனமுவந்தும் செய்தார்.

டச்சுக்காரர்களுக்குச் செய்தி எட்டியது. தேடுதல் தொடங்கியது. அவருக்குத் துணையாய் நின்ற மக்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். யோசேப் வாஸ் டச்சு எல்லையைத் தாண்டி, கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் சென்றார். 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே பிரான்சு நாட்டுக் கால்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கீசிய உளவாளி என்று மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் சொல்லிவிட்டார். யோவானோடு சேர்த்து அவரைச் சிறையில் அடைத்தார்கள். அடைபட்ட நாட்களில் அவர் சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் அங்கேயே ஒரு குடிசை ஆலயம் அமைத்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள்.

கண்டியில் கடும் வறட்சி ஏற்பட்டதையும், அவர் வெளியிடத்தில் பீடம் அமைத்துச் சிலுவை நட்டுச் செபித்தபோது பெருமழை பெய்ததையும், சுற்றிலும் கொட்டிய மழை அவரையும் பீடத்தையும் நனைக்கவில்லை என்பதையும் இலங்கை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதன் பிறகு மன்னர் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார். நாடெங்கும் போகலாம், போதிக்கலாம்.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை பிறக்கிறது. ஆபத்து இருக்கும்வரை தாழ்மையாக இருப்பது பெரிய காரியமில்லை. பிடிபடாமலிருக்க எவரும் கூலியுடை உடுத்துவர். மன்னரின் தயவு கிடைத்த பிறகு, தலைநகரின் நடுவில் ஆலயம் கட்டும் உரிமை வந்த பிறகு, பல்லக்கில் போகலாம் என்ற நிலை வந்த பிறகு மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரியும். நம் பங்குகளிலும் இதைப் பார்க்கிறோம். ஆலயம் ஓலைக் கொட்டகையாய் இருந்தபோது மண் சுமந்தவர்கள்தான், கோபுரம் எழுந்தபின் கொடிக்கயிற்றை யார் பிடிப்பது, தேருக்கு முன் யார் நடப்பது, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று காவல் நிலையம்வரை போகிறார்கள். குருக்களாகிய நாங்கள் சளைத்தவர்கள் அல்ல. மே மாதம் மாற்றல் பட்டியல் வெளிவரும் நாளில் எங்கள் முகங்களைப் பார்த்தால் போதும்.

யோசேப் வாஸ் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நகரம் காலியானது. மன்னரும் வெளியேறினார். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். கோவாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தம் உறவினர் யோசேப் கர்வாலோ அடிகளாரோடு அவர் அங்கேயே தங்கினார். காலியான வீடுகளை மருத்துவமனையாக்கினார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், சீழும் மலமும் நிறைந்த துணிகளைத் துவைத்தார்கள், இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். கிறிஸ்தவர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. இவர் மட்டும் இல்லையென்றால் தெருக்களில் பிணங்கள் கிடந்திருக்கும் என்று மன்னரே சொன்னதாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. நாட்டின் அரசர் மதிக்கும் மறைப்பணியாளர், இலங்கை முழுவதற்கும் கொச்சி ஆயரின் பதிலாளாக நியமிக்கப்பட்ட முதன்மைக் குரு, செய்த வேலை இது.

பிறகு அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து மேலும் ஓரத்தோரியக் குருக்கள் வந்தார்கள். அவர்களில் 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் ஏராளமான நூல்கள் எழுதினார்; அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். ஆட்கள் பெருகியதும் யோசேப் வாஸ் கண்டியிலிருந்து நிர்வாகம் செய்துகொண்டு உட்காரவில்லை. அவர் தலைக்கு ஆபத்திருந்த டச்சுப் பகுதிகளுக்கு, கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும், மீண்டும் மாறுவேடத்தில் போய் இரவில் திருப்பலி நிறைவேற்றினார். கூலியுடை மறுபடியும் வெளியே வந்தது. அதை அவர் தொலைவில் எறிந்துவிடவில்லை என்று தெரிகிறது.

அக்காலத்தில் பாப்பிறையின் தூதராகப் புதுச்சேரி வந்திருந்த தெ தூர்னோன் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, இலங்கைக்கு இவரையே ஆயராக்க விரும்பினார். யோசேப் வாஸ் மறுத்துவிட்டார். மறைப்பணியாளனாகவே இருக்க விடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. இலங்கைக்கு ஓர் ஆயர் இருந்திருந்தால் அங்கேயே குருக்களைத் திருநிலைப்படுத்தியிருக்கலாமே என்று நினைக்க இடமுண்டு. கன்னட நாட்டில் அதிகாரச் சண்டை எத்தனை பேருடைய ஆன்மாவைத் தின்றது என்று கண்ணால் பார்த்தவர் அவர். கொச்சி ஆயரின் அதிகாரத்திற்கும் உரோமையின் நேரடி நியமனத்திற்கும் இடையே இன்னொரு சண்டைக்குத் தாமே காரணமாக அவர் விரும்பியிருக்கமாட்டார் என்பது என் கணிப்பு.

உடல் தளர்ந்து, நோயோடு கண்டி திரும்பியவர் 1711 சனவரி 16 அன்று, தம் 59ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். புறப்பட்ட நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. இரகசியமாய் ஒரு வீட்டைத் தேடிப் பிச்சையெடுத்துத் தொடங்கிய அந்தப் பணியில், அவர் இறந்தபோது ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கர் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. கண்டியில் அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். பின்னாளில் மன்னர்கள் மாறினார்கள், மனங்களும் மாறின. குருக்கள் கண்டியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆலயம் அழிந்தது. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று யாருக்கும் தெரியாது. மெழுகுதிரி ஏற்றி வைக்கக்கூட ஓர் இடம் இல்லை.

யோவானுக்குத் திருநாள் இல்லை. சிறையிலும் காட்டுவழியிலும் கூட இருந்த அந்த வேலைக்காரரின் பெயரை, யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாற்றை எழுதும் எவராலும் விட்டுவிட முடிவதில்லை.

1995 சனவரி 21 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 சனவரி 14 அன்று, இங்கே நாம் போகி கொண்டாடிய நாளில், அதே கடற்கரைத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை வடக்கே, நீண்ட போரில் சிதைந்து மீண்ட தமிழ்ப் பகுதியின் மடு மாதா திருத்தலத்திற்குப் போனார். டச்சுக்காரர் காலத்தில் துரத்தப்பட்ட கத்தோலிக்கர் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு ஒளிந்து வாழ்ந்த காட்டுப் பகுதி அது.